கேளுங்க சொல்றோம்: தபால்ல வளர்ந்த பேண்டு

அண்ணா, நானும் என் ஃபிரெண்டும் லேப்டாப்புல எலக்ட்ரானிக் பாப் பண்றோம். நான் இங்க இருக்கேன், அவன் பெங்களூர்ல. ஒரே ரூம்ல உக்காராம பேண்டு நடத்தவே முடியாதுன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நெஜமா?
*வாசகர், திண்டுக்கல்*

அவங்ககிட்ட 'தி போஸ்டல் சர்வீஸ்'ங்கற அமெரிக்க பேண்டைக் கேட்டிருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க தம்பி. அதுல ஜிம்மி டாம்போரெல்லோ லாஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்தார், பென் கிப்பர்ட் சியாட்டில்ல, நடுவுல ரோட்டுல போனா கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர். டாம்போரெல்லோ 'டென்டெல்'ங்கற பேர்ல தனியா எலக்ட்ரானிக் மியூசிக் பண்ணிட்டு இருந்தவர், கிப்பர்ட் 'டெத் கேப் ஃபார் க்யூட்டி'ங்கற கிட்டார் பேண்டோட பாடகர். 2001-ல வந்த டென்டெல் ஆல்பத்துல ஒரு பாட்டுக்கு கிப்பர்ட் குரல் குடுத்தார், அது எதிர்பார்த்ததை விட நல்லா அமைஞ்சு போச்சு, சரி இன்னும் நாலு பாட்டு போட்டுப் பாப்போம்னு ஆரம்பிச்சது முழு ஆல்பத்துல வந்து நின்னுச்சு.

வேலை நடந்த விதம்தான் உங்களுக்கு முக்கியம். டாம்போரெல்லோ பீட், சிந்த் (எலக்ட்ரானிக் கீபோர்டு சத்தம்), லூப் (திரும்பத் திரும்ப வர்ற இசைத் துண்டு) எல்லாம் போட்டு டிஏடிங்கற டிஜிட்டல் கேசட்டுல ஏத்தி தபால்ல அனுப்புவார். கிப்பர்ட் கேட்டுட்டு வேண்டாததை வெட்டி, மெட்டு போட்டு, பாட்டெழுதி, பாடி, தேவைப்பட்டா கிட்டாரும் சேர்த்து திருப்பி அனுப்புவார். பேண்டோட பேரும் அங்க இருந்து வந்ததுதான். ஈமெயில்ல அனுப்ப வேண்டியதுதானேன்னு நீங்க இன்னிக்கு கேப்பீங்க, ஆனா சிடி தரத்துல ஒரு நிமிஷ ஆடியோவே சுமார் 10 எம்பி வரும், அஞ்சு நிமிஷப் பாட்டுன்னா 50 எம்பி, அன்னிக்கு வீடுகள்ல இருந்த 56கே டயல்-அப்புல, அதாவது போன் லைன் வழியா வர்ற இன்டர்நெட்டுல, அது போய்ச் சேர எல்லாம் ஒழுங்கா நடந்தாலே ரெண்டு மணி நேரம், நடுவுல யாராச்சும் லேண்ட்லைனுக்கு போன் பண்ணிட்டா கதை கந்தல். போஸ்ட்மேனே தேவலை.

இதுல ஒரு லாபமும் இருந்துச்சுன்னு நான் நெனைக்கிறேன். ஒரே ரூம்ல உக்காந்தா, இவர் பீட்டை மாத்தும்போதே அவர் மூஞ்சியைப் பாத்து பயந்து அடக்கி வாசிப்பார். இங்க அனுப்புனதுக்கு அப்புறம் அவர் என்ன வெட்டுவார்னு இவருக்குத் தெரியாது, திரும்பி வந்தப்புறம்தான் கேக்கவே முடியும். அதனாலதான் அந்த ஆல்பத்துல மெஷின் ஒரு பக்கம் அது பாட்டுக்கு துள்ளிட்டு இருக்கும், குரல் மட்டும் தனியா உக்காந்து உங்க காதுல ரகசியம் சொல்ற மாதிரி இருக்கும். 'சச் கிரேட் ஹைட்ஸ்' பாட்டை ஹெட்போன்ல கேளுங்க. ஆரம்பத்துல சின்னச் சின்ன பீப் சத்தம் இடது காதுக்கும் வலது காதுக்கும் மாறி மாறித் தாவும், அதுக்கப்புறம்தான் டிரம் வரும். போன் ஸ்பீக்கர்ல போட்டீங்கன்னா அந்த விளையாட்டு பாதி காணாமப் போயிடும்.

பெங்களூர் ஃபிரெண்டுக்கு இன்னிக்கே ஃபைலை அனுப்புங்க. அவர் வெட்டுனா கோவிச்சுக்காதீங்க.

'போஸ்டல் சர்வீஸ்'ங்கற பேருக்கு அமெரிக்க தபால்துறை கேஸ் போட்டுச்சாமே?
*வாசகி, திருச்சி*

கேஸ் வரைக்கும் போகல மேடம், நோட்டீஸோட நின்னுச்சு. ஆல்பம் வந்தது 2003 பிப்ரவரி, பேர் 'கிவ் அப்', மொத்தம் 10 பாட்டு, வெளியிட்டது சியாட்டில்ல இருக்கற 'சப் பாப்' கம்பெனி. அந்த வருஷம் ஆகஸ்ட்டுல தபால்துறைகிட்ட இருந்து ஒரு லெட்டர், இது எங்க ட்ரேட்மார்க், பேரை நிறுத்துங்கன்னு. உங்க சேவையை நம்பித்தான்யா ஆல்பமே பண்ணோம்னு பேண்டுக்காரங்க தலையில அடிச்சுக்கிட்டிருப்பாங்க.

நம்ம பக்கம் அரசாங்க நோட்டீஸ் வந்தா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும், அங்க நடந்தது வேற. பேச்சுவார்த்தை முடிஞ்சு 2004-ல தபால்துறையே பேரைப் பயன்படுத்த அனுமதி குடுத்துடுச்சு. பதிலுக்கு பேண்டு தபாலுக்கு விளம்பரம் மாதிரி கொஞ்சம் உதவணும், துறையோட பெரிய அதிகாரிகள் மாநாட்டுல வந்து வாசிக்கணும். சொன்ன மாதிரியே போய் வாசிச்சாங்க. தபால்துறை தன்னோட வெப்சைட்லயே ஸ்டாம்பு விக்கற இடத்துல இந்த சிடியையும் வித்துச்சு! அதிகாரிங்க எத்தனை பேர் தலையாட்டினாங்கன்னு கற்பனை பண்ணிப் பாத்தா எனக்கு சிரிப்பு அடங்காது. இதுல உச்சம் என்னன்னா, பின்னாடி தபால்துறையோட போட்டி கூரியர் கம்பெனி யூபிஎஸ் டிவி விளம்பரத்துக்கு 'சச் கிரேட் ஹைட்ஸ்' மியூசிக்கை எடுத்துக்கிச்சு.

ஒரே ஆல்பம் போட்டுட்டு காணாம போயிட்டாங்களே, சோம்பேறிங்களா?
*வாசகர், கோவை*

கிப்பர்ட்டை சோம்பேறின்னு சொன்னா அநியாயம் சார். 'கிவ் அப்' வந்த அதே 2003 அக்டோபர்ல அவரோட மெயின் பேண்டு 'டிரான்ஸ்அட்லாண்டிசிசம்' ஆல்பத்தை விட்டுச்சு, ரெண்டுலயும் பாட்டெழுதினது அவர்தான். போஸ்டல் சர்வீஸ் ரெண்டு பேருக்கும் சைடு வேலை. ரெண்டாவது ஆல்பத்துக்கு முயற்சி நடந்துச்சு, ஆனா சொந்த வேலை ரெண்டு பேருக்கும் முன்னாடி நின்னுச்சு, அப்படியே ஓஞ்சு போச்சு.

இதுக்கு நடுவுல அந்த ஆல்பம் பாட்டுக்கு வித்துட்டே இருந்துச்சு. 2012-ல அமெரிக்காவுல பிளாட்டினம் சர்டிஃபிகேட், அதாவது 10 லட்சம் காப்பி வித்ததுக்கு. சப் பாப் கம்பெனியோட வரலாறுலயே 'நிர்வானா' பேண்டோட முதல் ஆல்பத்துக்கு அடுத்தபடி அதிகமா வித்தது இதுதான். வாய்வழியா, ஒருத்தர் இன்னொருத்தருக்கு சிடி அடிச்சுக் குடுத்து, சினிமா, விளம்பரம்னு மெல்ல மெல்லப் போனது. ரெண்டாவது ஆல்பம் வந்து சுமாரா இருந்திருந்தா நாம இன்னிக்கு இதைப் பத்தி இவ்ளோ பேசுவோமான்னு எனக்கு சந்தேகம்தான்.

'சச் கிரேட் ஹைட்ஸ்' மெதுவா கிட்டார்ல பாடினதுதானே ஒரிஜினல்? ஹாஸ்டல்ல பந்தயம் கட்டியிருக்கேன்.
*வாசகி, மதுரை*

பணத்தை எடுத்து வைம்மா. அது 'அயர்ன் அண்ட் வைன்'ங்கற பேர்ல பாடறவர் பண்ணின கவர், அதாவது அடுத்தவங்க பாட்டைத் தன் பாணியில திரும்பப் பாடினது. 2004-ல வந்த 'கார்டன் ஸ்டேட்' படத்துல வந்து பிரபலமாச்சு. ஒரிஜினல் வேகமானது, பீப் பீப்னு இருக்கும், காதலிக்கற மூடுக்கு எது செட் ஆகும்ங்கறது உங்க சௌகரியம்.

ஆப்பிள் கம்பெனி இவங்க வீடியோவை காப்பி அடிச்சதா சொல்றாங்களே?
*வாசகர், ஈரோடு*

அது கொஞ்சம் சுவாரஸ்யமான சண்டை. 'சச் கிரேட் ஹைட்ஸ்' பாட்டோட வீடியோ முழுக்க சிப் தயாரிக்கற ஃபேக்டரிக்குள்ள, தலை முதல் கால் வரை வெள்ளை டிரஸ் போட்ட ஆளுங்க. 2006 ஜனவரியில ஆப்பிள் தன்னோட கம்ப்யூட்டருக்குள்ள இன்டெல் சிப் வந்துடுச்சுன்னு ஒரு விளம்பரம் விட்டுச்சு, பாத்தா ஷாட்டுக்கு ஷாட் அதே மாதிரி. எங்களைக் கேக்காம பண்ணிட்டாங்கன்னு கிப்பர்ட் வெளிப்படையா வருத்தப்பட்டார். விஷயம் என்னன்னா ரெண்டையும் எடுத்தது ஒரே டைரக்டர் ஜோடி. தன்னையே காப்பி அடிச்சா திருட்டான்னு யாராச்சும் வக்கீல் வாசகர் எழுதுங்க.

இந்த பேண்டுல கிப்பர்ட் பேர்தான் எங்கயும் அடிபடுது. டாம்போரெல்லோவை யாரும் கண்டுக்கறதே இல்லையே ஏன்?
*வாசகர், சேலம்*

பாடறவர்தானே சார் போஸ்டர்ல இருப்பார். எனக்கு என்னவோ ஆல்பத்தோட முதுகெலும்பே டாம்போரெல்லோதான். முதல் பாட்டு 'தி டிஸ்ட்ரிக்ட் ஸ்லீப்ஸ் அலோன் டுநைட்' எடுத்துக்கங்க, ஆர்கன் மாதிரி ஒரு சத்தம் இழுத்துட்டே இருக்கும், குரல் வரும், பாதி தாண்டினதும் திடீர்னு பீட் பிச்சுக்கிட்டுப் போகும், வரிகள்ல இருக்கற சோகத்தை அந்த பீட்தான் தூக்கி நிறுத்துது. அதோட இன்னொருத்தரையும் விட்டுடாதீங்க, 'ரைலோ கைலி' பேண்டோட ஜென்னி லூயிஸ். ஆல்பத்துல பின்னணிக் குரல், மேடைக்கு வந்தா மூணாவது ஆளே அவர்தான். 'நத்திங் பெட்டர்'ங்கற டூயட்ல ஆல்பத்துல பாடினது ஜென் வுட்னு இன்னொருத்தர், அதுல பையன் கல்யாணம் பண்ணிக்கலாம்னு கெஞ்ச, அந்தப் பொண்ணு கணக்குப் போட்டு பதில் சொல்லி கதையை முடிச்சு விடும். காதல் தோல்வி பாட்டுல பொண்ணு பக்கத்து நியாயத்தையும் இவ்ளோ தெளிவா சொல்ற பாட்டு கம்மி.

இப்ப இருக்காங்களா, கலைஞ்சுட்டாங்களா?
*வாசகர், தஞ்சாவூர்*

கலைஞ்சாங்க, சேந்தாங்க, மறுபடி கலைஞ்சாங்க, மறுபடி சேந்தாங்க. 2013-ல பத்தாவது வருஷத்துக்கு ஆல்பத்தை ரெண்டு புதுப் பாட்டோட திரும்ப விட்டு டூர் போனாங்க, ஆகஸ்ட்டுல சிகாகோவுல வாசிச்சுட்டு இதோட சரின்னு சொன்னாங்க. நம்புனோம். 2023-ல இருபதாவது வருஷம்னு சொல்லி மறுபடி வந்து நின்னாங்க, இந்த தடவை டெத் கேப் ஃபார் க்யூட்டியும் கூட, மேடிசன் ஸ்கொயர் கார்டன், ஹாலிவுட் பவுல்னு பெரிய பெரிய இடம். ஒரே ராத்திரியில 'டிரான்ஸ்அட்லாண்டிசிசம்' முழுசா, அப்புறம் 'கிவ் அப்' முழுசா, ரெண்டுக்கும் பாடகர் ஒருத்தர்தான். நடுவுல சின்ன பிரேக்குல கிப்பர்ட் உள்ள போய் கருப்பு டிரஸ்ஸைக் கழட்டிட்டு வெள்ளை டிரஸ் மாட்டிட்டு வருவார். அடுத்தது 2033-ஆன்னு கேக்காதீங்க, டிக்கெட்டுக்கு இப்பவே சேத்து வைங்க.