லேசர் புள்ளி வட்டமாக விழாதபோது

கேள்வி: 200 மி.மீ. நியூட்டன் வகைத் தொலைநோக்கியின் ஆடிகளைச் சீரமைக்க நான் பயன்படுத்தும் லேசரின் புள்ளி நீள்வட்டமாகவும் ஓரங்களில் கீற்றுகளோடும் விழுகிறது. சீரான கற்றை தரும், திறன் கூடிய லேசரை வாங்க வேண்டுமா?

பதில்: திறன் கூடியது வேண்டவே வேண்டாம். 1 மில்லிவாட்டுக்கு உட்பட்ட, பாதுகாப்புப் பிரிவில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த லேசர் போதும். அதற்கு மேல் கண்ணுக்கு ஆபத்து என்பதோடு, கூசும் புள்ளியின் மையத்தைக் கணிப்பதும் கடினம். பளிச்சென்று தெரிய வேண்டுமானால் அலைநீளத்தைப் பாருங்கள்: ஒரே திறனில், 650 நானோமீட்டரைவிட 635 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறத்தாழ இரு மடங்கு பிரகாசமாகத் தெரியும்.

லேசர் ஒளியை உண்டாக்கும் சிறு மின்னணு உறுப்பான டயோடில் ஒளி வெளிவரும் வாய் மிக மெல்லிய செவ்வகம் என்பதால் கற்றை ஒரு திசையில் கூடுதலாக விரிகிறது. நீள்வட்டம் டயோடின் இயல்பே தவிர, பழுது அன்று. லேசரின் முகப்பில் 1 மி.மீ. வட்டத் துளையிட்ட மெல்லிய தகட்டைக் கற்றையின் நடுவில் பொருத்தினால் கீற்றுகள் பெரும்பாலும் மறைந்து, 1.2 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2 மி.மீ. அகலமுள்ள வட்டப் புள்ளி கிடைக்கும். அதைச் சுற்றி மங்கலான வளையங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். அவை விளிம்பு விளைவால், அதாவது துளையின் விளிம்பில் ஒளி வளைவதால், வருபவை, மையத்தைக் கண்டுபிடிக்க உதவவும் செய்யும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது, கற்றை லேசர் உருளையின் அச்சிலேயே செல்கிறதா என்பதுதான். தகட்டைப் பொருத்திய பின், V வடிவப் பள்ளமுள்ள கட்டையில் லேசரைக் கிடத்தி, 5 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் புள்ளி விழுமாறு வைத்து, மெல்ல உருட்டுங்கள். புள்ளி 5 மி.மீ. ஆரமுள்ள வட்டம் வரைந்தால் கற்றை 1 மில்லிரேடியன், அதாவது சுமார் 3.4 கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு), சாய்ந்திருக்கிறது என்று பொருள். லேசரின் பக்கவாட்டுத் திருகுகளால் அவ்வட்டத்தை இயன்றவரை சுருக்குங்கள். இத்திருகுகள் இல்லாத லேசரை, கற்றை எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் சிறிய துணை ஆடியைச் சீரமைக்க இந்தப் புள்ளி போதும். ஒளியைக் குவிக்கும் பெரிய முதன்மை ஆடிக்கு, லேசரைப் பார்லோ வில்லையில் (கற்றையை விரிக்கும் குழிவில்லைக் குழாய்) செருகி, வில்லையின் முகப்பில் நடுவே துளையிட்ட வெள்ளை அட்டையை ஒட்டுங்கள். விரிந்த ஒளி ஆடியின் மையத்தில் ஒட்டிய வளையத்தின் நிழலை அந்த அட்டையில் வீழ்த்தும். நிழல் துளையைச் சுற்றிச் சமமாக அமையும்வரை ஆடியின் திருகுகளைத் திருப்பினால் போதும். இம்முறையில் லேசரின் சிறு சாய்வு முடிவைப் பாதிப்பதில்லை. விரிந்த ஒளி அந்த வளையம் முழுவதன் மீதும் விழும்வரை, ஒரு பக்கம் சற்று மங்கலாக இருந்தாலும் நிழலின் இடம் மாறாது.