வேலையில் முன்னேறணும், மனசும் தாங்கணும்: ஓசூர், தருமபுரி பக்கக் கேள்விகளுக்குப் பதில்

வணக்கம். ஓசூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். நான் பேசி, கேட்டு, வழி சொல்பவள். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். யார் என்று தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

ஓசூர், ஐடி வேலை: மேடம், தினமும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி போய் வருகிறேன். டீம் லீட் ஆகணும் என்று ரொம்ப ஆசை. ஆனால் ஞாயிறு மதியமே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?

இந்த வாரம் விடாதீங்க. வேலையை விடுவதே தப்பு என்று சொல்லவில்லை. நெஞ்சு படபடக்கும்போது எடுக்கும் முடிவு எப்போதும் அந்தப் படபடப்பை நிறுத்தத்தான் பார்க்கும், உங்களுடைய அடுத்த பத்து வருஷத்தை அது பார்க்காது. அதனால் முதலில் ஒரு பொது மருத்துவரிடம் ஈசிஜி, தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு மூன்றையும் பார்த்துவிடுங்க. தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். அதைத் தெரியாமல் மேனேஜரைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு.

அதில் ஒன்றும் இல்லை என்றால் அடுத்த கேள்வி, லீவு போட்டால் குறைகிறதா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன் அவுட்’ என்பதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தில் தீராமல் கிடக்கும் அழுத்தத்தால் வரும் நிலை என்று வகைப்படுத்தியது. ஆளே வற்றிப்போன மாதிரி சோர்வு, வேலை மேல் வெறுப்பு அல்லது விலகல், என்ன செய்தாலும் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அடையாளம். ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தால் பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது, சிரிப்பு வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த வகை. அங்கே போயும் பிடித்த சாப்பாடு ருசிக்கவில்லை, யாருடனும் பேசப் பிடிக்கவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறது என்றால் டிப்ரஷனா என்று மனநல மருத்துவர்தான் பார்க்கணும். முதலாவதற்கு வேலையை மாற்றி அமைக்கணும், இரண்டாவதற்குச் சிகிச்சை வேணும். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து இன்னும் மோசமாகிறார்கள்.

மேனேஜரிடம் பேசும்போது “ரொம்ப ஸ்ட்ரெஸ்” என்று மட்டும் சொன்னால், “எல்லாருக்கும்தான்” என்று முடித்துவிடுவார். “வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்கிறேன், ராத்திரி ஒன்பது மணி போன் மீட்டிங் மட்டும் மாற்றித் தாங்க” என்று அளந்து கேளுங்க. ஓசூர் ரோட்டில், அத்திப்பள்ளி நெரிசலில் போகிற நேரம் திரும்பக் கிடைத்தாலே பாதி தெம்பு வந்துவிடும். அப்புறம், டீம் லீட் ஆனவர் ஒருவரிடம் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுப் பாருங்க. கேட்ட பிறகும் ஆசை இருந்தால் அது உங்கள் ஆசை, தாராளமாகப் போங்க.

சிப்காட் ஆலை: வாரா வாரம் ஷிப்ட் மாறும். சூப்பர்வைசர் ஆகணும் என்று எல்லா ஓ.டி.யும் செய்கிறேன். தூக்கமே இல்லை, வீட்டில் எரிந்து விழுகிறேன்.

தம்பி, எரிந்து விழுவது உங்கள் குணம் இல்லை, தூக்கம் கெட்டதன் வேலை. நைட் முடிந்து வந்ததும் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிப் படுங்க, ஷிப்டின் பின்பாதியில் டீ வேண்டாம். போனை அடுத்த ரூமில் வைத்துவிட்டு, நீங்கள் தூங்கும் நேரத்தில் யாரும் எழுப்பக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்க. ஷிப்ட் வரிசையை மாற்ற வாய்ப்பு இருந்தால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகக் கேளுங்க, தலைகீழாக வருவதைவிட உடம்பு தாங்கும்.

ஓ.டி. பற்றி ஒன்று சொல்லணும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். சூப்பர்வைசர் பதவிக்கு எல்லா ஓ.டி.யும் தேவையில்லை, லைனில் பிரச்சினை வந்தால் நிதானமாகப் பார்க்கிற ஆள்தான் தேவை. தூங்காத ஆளிடம் அந்த நிதானம் வராது.

உங்களுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு உண்டு. ஈஎஸ்ஐ மருத்துவர் சான்று கொடுத்தால், உங்கள் பேரில் சந்தா கட்டிய நாட்கள் போதுமானதாக இருக்கும்பட்சத்தில், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காய்ச்சலுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு மன நோய்க்குக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். கேளுங்க.

பாலக்கோடு, ஒரு அம்மா: பொண்ணுக்கு டாக்டர் மனசுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். பழகிவிடுமா? ஆபீஸுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமா?

அம்மா, டிப்ரஷனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை மாதிரிப் போதையாக ஒட்டிக்கொள்ளும் வகை இல்லை. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அதற்குள் “ஒன்றும் கேட்கவில்லை” என்று நிறுத்தச் சொல்லாதீங்க. நல்லாயிட்டாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி குறைக்கணும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம், மருத்துவமனை தானாக ஆபீஸுக்குச் சொல்லக் கூடாது. பொண்ணு ப்ரமோஷனுக்கு முயற்சி செய்கிறாளா? செய்யட்டும். மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதற்காக நீங்கள் அவளைப் பின்னால் இழுக்காதீங்க.

இன்னொரு கேள்வி: யோகா, தியானம் போதாதா?

லேசான அழுத்தத்துக்கு உதவும், நடைப்பயிற்சியும் உதவும். தூக்கம், பசி இரண்டும் போனவருக்கு அது மட்டும் போதாது.

அரூர்: அக்கா, மூன்று வருஷமா டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன். சொந்தக்காரர் கேள்விக்குப் பயந்து கல்யாணம், திருவிழா எதற்கும் போவதில்லை. சில நாள் இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது.

தம்பி, கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். அந்த எண்ணம் வரும் நாளில் 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது, அண்ணனோ அத்தையோ, இதே வார்த்தையில் சொல்லிவிடுங்க. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்க, இந்த வாரமே.

பரீட்சையை விடச் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்க ரூமுக்குள் படிப்பதால் மார்க் கூடுவதில்லை, பயம்தான் கூடுகிறது. பாதி நாள் ஏதாவது வேலை, டியூஷன் எடுப்பதோ கடையில் கணக்குப் பார்ப்பதோ, கையில் சொந்தப் பணம் வரட்டும். இன்னும் எத்தனை முறை எழுதுவது என்று மனசு தெளிவாக இருக்கும் நாளில் உட்கார்ந்து வீட்டோடு பேசி முடிவு செய்யுங்க. மருத்துவரைப் பார்த்த பிறகு எனக்குத் தனியாக எழுதுங்க, படிப்பு அட்டவணையைச் சேர்ந்தே போடலாம்.