பின்னாடி கமான் கட்டா, ஃபோர் லிங்க்கா? பழைய வண்டிய ஹாட் ராட் (வேகத்துக்கும் ஸ்டைலுக்கும் மாத்தி கட்டுன வண்டி) ஆக்குறவங்களுக்கு கேள்வி பதில்

திருமங்கலம் தம்பி: அண்ணே, அம்பாசடர்ல 1800 இசுசு இன்ஜின ஏத்தி, பின்னாடி ஹவுசிங்குக்கும் (பின் ஆக்சில் கூடு) கமான் பட்டைக்கும் நடுவுல 3 இன்ச் பிளாக் வெச்சு இறக்கிட்டேன். கிளட்ச விட்டு மிதிச்சா பின்வீல் தடதடன்னு குதிக்குது. கமான கழட்டிட்டு ஃபோர் லிங்க் (ஆக்சில நாலு ராடால புடிக்கிற அமைப்பு) போட்டுரவா?

அவசரப்படாத தம்பி. மிதிக்கும்போது ஹவுசிங் வீலுக்கு எதிர்ப்பக்கமா சுத்தப் பாக்கும், பட்டை அத புடிச்சு நிறுத்த போய் எஸ் மாதிரி வளைஞ்சு, தாங்காம பட்டுன்னு திரும்பும், அதான் குதிக்கிறது. பிளாக் வேற வெச்சுட்டல்ல, நெம்புறதுக்கு கடப்பாரை நீளமான மாதிரி ஆயிருச்சு. அத கழட்டிட்டு, கமான் பட்டறையில குடுத்து வளைவ கம்மி பண்ணி இறக்கு. யு போல்ட் புதுசு போடு, பழசயே திரும்ப முறுக்காத. அப்பறமும் குதிச்சா டிராக்ஷன் பார் (ஹவுசிங் சுத்தாம புடிக்கிற ராடு) போடு. ஃபோர் லிங்க் செலவெல்லாம் இதுக்கு வேணாம்.

மேலூர்லருந்து ஒருத்தர்: ஃபோர் லிங்க்ல பேரலலா, முக்கோணமா?

மேல் ரெண்டு ராடும் சாய்வா வர்ற முக்கோண டைப்புக்கு பேன்ஹார்ட் ராடு (ஹவுசிங்க சேசிஸோட குறுக்கால கட்டுற ராடு) தேவையில்லைங்க, ஆனா சைலன்சர் பைப், டேங்க் எல்லாம் இடம் விடணும். பேரலல்னா ஹவுசிங் பக்கவாட்டுல ஓடாம இருக்க பேன்ஹார்ட் கண்டிப்பா வேணும், அதுவும் எவ்வளவு நீளமா முடியுமோ அவ்வளவு நீளமா, வண்டி நிக்கிற ஹைட்ல மட்டமா. குட்டையா போட்டா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் பின்பக்கம் இடுப்ப ஆட்டும். ராடு முனைக்கு ரப்பர் புஷ்ஷே போடுங்க, ரேஸ் வண்டி பால் ஜாயிண்ட் நம்ம ஊரு புழுதியில சீக்கிரமே லொடலொடக்க ஆரம்பிச்சிரும்.

காலேஜ் பையன்: அண்ணா, காயில் ஓவர் (ஷாக் அப்சார்பர் மேலயே ஸ்பிரிங் மாட்டுனது) படுத்தாப்ல சாஞ்சிருந்தா ஸ்டைலா இருக்கே?

ஸ்டைல்தான், ஆனா ஸ்பிரிங் செத்துரும். நேரா நிக்கிறதுலருந்து 15 டிகிரி சாய்ச்சா பலம் 93 சதவீதம் நிக்கும், 30ல 75, 45ல பாதி. 20க்குள்ள வெச்சுக்கப்பா.

சிம்மக்கல் அண்ணாச்சி: 1932 ஃபோர்டு மாதிரி குறுக்க ஒரே கமான் வெச்சா?

பாக்க அம்சமா இருக்கும் அண்ணாச்சி. ஷோவுக்கு சரி, சிறுமலை வளைவுல ஏத்த நெனச்சா வேணாம்.

ஒத்தக்கடைலருந்து: ஆர்.சி.ல பிரச்சனை வருமா?

வரும். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக்கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. வெல்டிங்க தொடறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுருங்க.

மறுபடி திருமங்கலம் தம்பி: பினியன் ஆங்கிள் (ஷாஃப்ட் வந்து சேர்ற ஹவுசிங் மூக்கோட சாய்வு) எவ்வளவு வைக்கணும்ணே?

கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் ஒன்னுக்கொன்னு பேரலலா இருக்கணும், கமான் கட்டுன்னா லோடுல மூக்கு தூக்கும், அதனால பினியன ரெண்டு மூணு டிகிரி கீழ குனிய விடு. எப்ப அளக்குறோம்ங்கறதுதான் விஷயமே. என் மொத வண்டியில வெறும் சேசிஸ்ல பிராக்கெட்ட வெல்டு பண்ணிட்டேன், இன்ஜின், சீட்டு, கண்ணாடி எல்லாம் ஏறுனதும் ரெண்டு இன்ச் உக்காந்துருச்சு, பேன்ஹார்ட் சாஞ்சு போச்சு, ஷாஃப்ட் ஜாயிண்ட் தரைக்கு நடுவுல இருக்கற டனல்ல உரசி ஒரே சத்தம். மறுபடி எல்லாத்தையும் கிரைண்டர் வெச்சு அறுத்தேன். இப்பல்லாம் இன்ஜின் இருக்கற இடத்துல 4 சிமெண்ட் மூட்டை, பின்சீட்டுல 2 மூட்டைய வெச்சு, நாலு தடவ அழுத்தி விட்டுட்டு, அப்பறம்தான் டாக் (தற்காலிகமா புள்ளி வெல்டிங்) அடிக்கிறது.