பாதி யோசனையைச் சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆறு மாதமாகத் தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தனியே உட்கார்ந்து, புதிதாக ஏதாவது யோசிக்க முயல்கிறேன். செல்பேசியையும் அணைத்துவிடுகிறேன். உருப்படியாக ஒன்றும் தோன்றவில்லை. அரைகுறையாக ஒன்று இருக்கிறது; வெளியே சொன்னால் யாராவது திருடிவிடுவார்களோ என்று பயம். புது எண்ணங்கள் பிறக்க எந்தச் சூழல் வேண்டும்? காலை நல்லதா, இரவா?

ர.

அன்புள்ள ர.,

காலையா இரவா என்பதை விடுங்கள். தூக்கம் கெடாத நேரம் எதுவோ அது. செல்பேசியை அணைத்தது சரி. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் திருட்டுப் பயம்தான். சில வாரங்களாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

திருட உங்களிடம் என்ன இருக்கிறது? கோபித்துக்கொள்ளாதீர்கள், அரைகுறை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். மீதிப் பாதி இன்னொருவர் தலையில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

1968-ல் அமெரிக்காவின் த்ரீஎம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் வலுவான பசை தேடப் போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற ஒன்றைக் கண்டார். அது எதற்கு உதவும் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் பூட்டிவைக்கவில்லை. வருடக்கணக்காகச் சக ஊழியர்களிடம் அதைப் பற்றியே பேசினார். அலுத்துப்போயிருப்பார்கள், பாவம். கேட்டவர்களில் ஒருவர் ஆர்ட் ஃப்ரை. தேவாலயத்தில் பாடுகிறவர், பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த துண்டுத் தாள் நழுவி விழுவது அவருக்கு ஓயாத எரிச்சல். 1974-ல் பசையும் எரிச்சலும் சந்தித்தன. மேசையெல்லாம் ஒட்டிவைக்கிறோமே, அந்தச் சின்ன மஞ்சள் தாள், அது அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-ல். 12 வருடம்! நீங்கள் ஆறு மாதத்தில் சலித்துக்கொள்கிறீர்கள்.

த்ரீஎம்மில் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள். நேரம் கிடைத்தது நல்லதுதான், ஆனால் காது கிடைத்ததல்லவா பெரிது? கட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பேசத் தொடங்கியதும் இப்படித்தான், ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில். 2005-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு பின்னாளில் கோவிட் தடுப்பூசிகள் சிலவற்றுக்கு வழிவகுத்தது.

இளவயதில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். எதைச் சொன்னாலும் சிரிக்கமாட்டார், பாராட்டவும் மாட்டார். "சரி, அப்புறம்?" என்பார், அவ்வளவுதான். அதற்குப் பதில் தேடித் தேடித்தான் நான் எழுதியதில் பாதி வந்தது. ஒரே ஒரு முறை, உங்களைப் போலவே பயந்து, ஒரு நாவலுக்கான கருவை அவரிடம்கூடச் சொல்லாமல் நான்கு வருடம் வைத்திருந்தேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்தால், யாரும் திருடியிருக்கவில்லை. அதில் என்னதான் பெரிதாகக் கண்டேன் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது. கேட்கலாமென்றால் அவர் இல்லை.

இவ்வளவு நீளமாக எழுதிவிட்டு இப்போதுதான் கவனிக்கிறேன்: அந்த அரைகுறை யோசனை என்னவென்று எனக்குக்கூட நீங்கள் எழுதவில்லை.