எடை குறைய நடந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: வயது 46. சின்னப் பிள்ளையில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு, வலது கையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கிறேன். நாள் முழுக்க மடியில் சொளகு, பீடி சுற்றும் வேலை. எடை 74 கிலோ. எல்லாரும் நடக்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக நடந்தாலே மறுநாள் கால் ஓய்ந்துவிடுகிறது. என்ன செய்ய?
– வாசகி, முக்கூடல்

பதில்: எடைக்காக நடக்க வேண்டாம். போலியோவில் அழிந்த நரம்பு செல்களின் வேலையையும் மிச்சமிருப்பவைதான் இழுத்துப்போட்டுச் செய்கின்றன. அந்தக் காலை மேலும் களைக்க வைத்தால் வலு கூடாது, குறையும். இந்த ஓய்ச்சல் புதிதாக வந்ததென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பல வருடம் கழித்துத் தசை மறுபடி தளர்வது போலியோவில் உண்டு.

பயிற்சியைக் கைக்கும் முதுகுக்கும் கொடுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்; டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். புகையிலைத் தூசி இல்லாத இடமாக இருக்கட்டும்.

பழைய சைக்கிள் டியூபில் வால்வுப் பகுதியை வெட்டிவிட்டு, நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பியில் சுற்றி, அதைப் பார்த்து உட்காருங்கள். இரு நுனியையும் பிடித்து, முழங்கை விலாவை உரசும்படி பின்னால் இழுத்து, 2 விநாடி நிறுத்தி, மெதுவாக விடுங்கள். 10 தடவை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 10. குனிந்தே வேலை பார்க்கும் முதுகுக்கு இதைவிட நல்லது இல்லை. விரிசல் விட்ட டியூப் அறுந்து முகத்தில் அடிக்கும், பார்த்துக் கட்டுங்கள்.

பிறகு நெஞ்சு உயரத்தில் காற்றில் மாறி மாறிக் குத்துங்கள்: 30 விநாடி குத்து, 30 விநாடி ஓய்வு, 6 முறை. வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க மாட்டீர்கள். பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. அந்த வேகம் போதும். தலைக்கு மேல் பாரம் தூக்காதீர்கள். ஊன்றுகோல் பிடிக்கும் தோள் ஏற்கெனவே உழைத்துத் தேய்கிறது. தோள் போனால் நடையும் போகும்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், 10 நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் கூட்டலாம். மறுநாள் காலையிலும் அசதி தங்கினால் அளவைப் பாதியாக்குங்கள்.

ஆனால் எடை முக்கியமாகக் குறைவது தட்டிலும் டம்ளரிலும்தான். உட்கார்ந்தபடி 20 நிமிடம் செய்தால் செலவாவது சுமார் 60 கலோரி. இரண்டு ஸ்பூன் சீனி போட்ட 5 டீயில் சீனி மட்டுமே 200 கலோரிக்குப் பக்கம். முதலில் சீனியைப் பாதியாக்குங்கள். மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் கீரையோ பயறோ வையுங்கள். பட்டினி வேண்டாம், கொழுப்போடு தசையும் கரையும், உங்களுக்கு அது பெரிய நஷ்டம்.

எடை பார்க்கக் காலிப்பரோடு ஏறி, பிறகு காலிப்பரை மட்டும் நிறுத்துக் கழியுங்கள். மாதம் 1 முதல் 2 கிலோ குறைந்தால் நல்லது. தொடை மெலிந்தால் காலிப்பர் வார் தளர்ந்து, உரசிப் புண்ணாகும். செய்துகொடுத்த இடத்திலேயே அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: பனையிலிருந்து விழுந்து என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியிலேயே இருந்து வயிறு பெருத்துவிட்டது. அவனும் பயிற்சி செய்யலாமா?
– வாசகர், ராதாபுரம்

பதில்: அவரைப் பார்க்கும் டாக்டர் சரி என்றால், மேலே சொன்ன இழுப்பும் குத்தும் அவருக்கும் பொருந்தும். பிரேக் போட்டு, முன்னால் சாயாமல் இடுப்பில் பெல்ட் கட்டுங்கள். தொடங்குமுன் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிடட்டும். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாக வராது; உங்கள் ஊர் வெயிலில் உடம்புச் சூடு சட்டென்று ஏறும். காலை 7 மணிக்குள் முடித்து, கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள்.

பயிற்சி முடிந்ததும் பிட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள். வலி தெரியாதவருக்குக் கண்தான் காவல். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு படுக்கைப் புண்ணின் தொடக்கம். அது ஆறும்வரை அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது. உட்கார்ந்து செய்யும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.