மண்ணெண்ணெய்த் தொட்டியும் மணிக்கோபுரமும்: இங்கிலாந்துக் கிராம வாழ்க்கை, கேள்வி பதில்

நகரத்தில் குழாய்க்குள்ளும் தெருவுக்கு அடியிலும் கண்ணில் படாமல் நடக்கிற காரியங்கள், இங்கிலாந்துக் கிராமத்தில் உங்கள் தோட்டத்துக்குள்ளேயே நடக்கும். வந்த கேள்விகளில் பாதி அதைச் சுற்றியே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு.

கேள்வி: வாடகைக்குப் பார்த்திருக்கும் வீட்டில் கேஸ் இணைப்பு இல்லை. தோட்டத்தில் பச்சை நிறப் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. மாதாமாதம் பில் வருமா? குளிர்காலத்துக்கு எவ்வளவு தேவைப்படும்?

அது மண்ணெண்ணெய்த் தொட்டி. பாய்லர் அதில்தான் ஓடும். பில் வராது, தீருவதற்கு முன் நீங்களே ஆர்டர் செய்ய வேண்டும், லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும். பெரும்பாலான வியாபாரிகள் 500 லிட்டருக்குக் குறைந்து தரமாட்டார்கள். மூன்று படுக்கையறை வீட்டுக்கு வருடத்துக்கு 1500 முதல் 2000 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். பழைய கல் வீடு என்றால் இன்னும் இழுக்கும். கேஸுக்கும் மின்சாரத்துக்கும் இருக்கிற விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. அதனால் கோடையில் நிரப்பி வைப்பதே புத்திசாலித்தனம். டிசம்பர் குளிரில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், விலையும் ஏறும், லாரியும் நாள்கணக்கில் தாமதமாகும். பல கிராமங்களில் வீடுகள் சேர்ந்து மொத்தமாக ஆர்டர் செய்கிறார்கள். ஒரே லாரி எல்லா வீட்டுக்கும் ஊற்றுவதால் விலை குறையும். பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

கால் தொட்டிக்கு இறங்கியதும் ஆர்டர் போட்டுவிடுங்கள். அடிவரைக்கும் விடக் கூடாததற்குக் காரணம் இருக்கிறது. தொட்டியின் அடியில் கசடும், உள்ளே வேர்த்துச் சேர்ந்த தண்ணீரும் படிந்திருக்கும். மட்டம் மிகவும் குறைந்தால் அது குழாய்க்குள் இழுபட்டு வடிகட்டியை அடைக்கும். முழுக்கத் தீர்ந்தால் குழாயில் காற்றும் புகுந்துவிடும். புது எண்ணெய் ஊற்றினாலும் பாய்லர் பிடிக்காது. காற்றை வெளியேற்ற, எண்ணெய் பாய்லர் வேலைக்கான ஆஃப்டெக் அமைப்பில் பதிவு பெற்ற மெக்கானிக் வர வேண்டியிருக்கும்.

பாய்லர் நின்றால் பர்னரில் சிவப்பு ரீசெட் பொத்தான் எரியும். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை அழுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்குகிறது. கடைசியில் தீப்பிடிக்கும்போது வெடித்த மாதிரி பற்றும்.

கேள்வி: செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் நம் சமையலால் ஏதாவது தொல்லை வருமா?

வரும், ஆனால் தவிர்க்கலாம். முதலில் அது வேலை செய்யும் விதம். கழிவு தொட்டிக்குள் வந்ததும் கனமானது அடியில் சகதியாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகக் கட்டும். நடுவில் இருக்கிற நீர் மட்டும் வெளியேறி, ஜல்லிக்குள் பதித்த துளைக்குழாய்கள் வழியாக மண்ணில் ஊறும். இந்த ஊறுநிலம்தான் முக்கியம். தொட்டியைச் சுத்தம் செய்துவிடலாம். ஊறுநிலம் ஒருமுறை அடைத்துக்கொண்டால் தோண்டிப் புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை.

பொரித்த எண்ணெய், குழம்புச் சட்டியின் பிசுக்கு, ஆட்டுக்கறிக் கொழுப்பு எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். ஆறவிட்டுக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். மாவு அரைத்த பாத்திரத்தை முதலில் வழித்துவிட்டுப் பிறகு கழுவுங்கள். வடித்த கஞ்சி எப்போதோ கொஞ்சம் போனால் பரவாயில்லை. தினமும் ஒரு குண்டான் போவது சுமைதான். அதை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாம். ஈரத் துடைப்புத்தாள்களில் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். பிளீச்சை அளவோடு வையுங்கள், கழிவைச் சிதைக்கும் கிருமிகளே செத்துப்போகும்.

வருடத்துக்கு ஒருமுறை, உரிமம் உள்ள கழிவு வண்டியை வரவழைத்துச் சகதியை உறிஞ்சி எடுக்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கீழ்த்தளக் கழிவறை மெதுவாக இறங்குவது, குழாயில் குடுகுடுவென்ற சத்தம், புல்வெளியில் ஒரு பட்டை மட்டும் அடர்பச்சையாகச் செழிப்பது: இவை ஊறுநிலம் திணறுவதன் அறிகுறிகள். மூடியைத் திறந்து குனிந்து பார்க்கவே கூடாது. உள்ளே சேரும் வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

வீடு வாங்குபவர்களுக்கு ஒன்று. 2020 ஜனவரி 1 முதல் செப்டிக் டேங்க் நீரை நேரடியாக ஓடையிலோ வாய்க்காலிலோ விடக் கூடாது. அப்படி விட்டுக்கொண்டிருந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ ஊறுநிலத்துக்கோ மாற வேண்டும். விற்பவர் இந்தக் கழிவு அமைப்பைப் பற்றி உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்க் இல்லை, சிறு சுத்திகரிப்பு நிலையம். ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம், மின்சாரத்தை அணைத்துவிடலாமா?

கூடாது. அதற்குள் காற்றடிக்கும் பம்ப் இடைவிடாமல் ஓடினால்தான் கிருமிகள் உயிரோடிருக்கும். மெயினை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது நாற்றம்தான் வரவேற்கும்.

கேள்வி: கல் சுவரில் ஓதம் ஏறி பெயின்ட் உரிகிறது. கான்ட்ராக்டர் மருந்து ஊசி போட்டுச் சிமெண்ட் பூசலாம் என்கிறார். சரியா?

அவசரப்படாதீர்கள். பழைய கல் வீடுகளின் சுவர் நடுவே இடைவெளி இல்லாத கனச்சுவர், பெரும்பாலும் அரை மீட்டர் தடிப்பு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அது மழையில் கொஞ்சம் நனையும், காற்றில் உலரும், அப்படித்தான் கட்டினார்கள். ஈரம் வெளியேறும் பாதை கல் அல்ல, இடையிலுள்ள சுண்ணாம்பு மூட்டு. பிறகு வந்த யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருப்பார்கள். பாதை அடைபட்டதும் ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும். பனியில் உறைந்து கல்லின் முகம் ஏடு ஏடாக உதிரும், உள்ளே பெயின்ட் உப்பும். கையால் தடவிப் பாருங்கள்: மூட்டு கல்லைவிட வெளியே துருத்திக்கொண்டு, சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் அது சிமெண்ட். காட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரத்துச் சுண்ணக்கல் மாதிரி மென்மையான கல்லுக்கு இது பெரும் கேடு.

செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள். மழை பெய்யும்போது வெளியே நின்று, கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். வெளி மண்மட்டம் உள்தரையைவிட உயர்ந்திருந்தால் தோண்டி இறக்குங்கள். சமையலறை விசிறி ஆவியை வெளியே தள்ளுகிறதா, சும்மா சுற்றவிடுகிறதா என்று கவனியுங்கள். ஓதம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்த மூன்றிலேயே அடங்கிவிடும்.

அதற்குப் பிறகும் இருந்தால், சிமெண்ட் மூட்டைக் கையுளியால் கொத்தி எடுக்க வேண்டும். கிரைண்டர் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். மூட்டின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம் எடுத்து, தண்ணீர் தெளித்து, நீர்ச்சுண்ணாம்பு ஒரு பங்குக்கு முனையுள்ள மணல் மூன்று பங்கு சேர்த்து அடைக்க வேண்டும். மென்கல்லுக்கு என்.எச்.எல். 2 என்ற சுண்ணாம்புத் தரம் போதும். 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் இந்த வேலை ஆகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் காலம். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் மெதுவாக உலரவிடுங்கள், சட்டென்று காய்ந்தால் பொடிந்து உதிரும். உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடியுங்கள்.

கேள்வி: அதே வீடு இரண்டாம் தரப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதாம். ஜன்னல் மாற்றலாமா?

அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். பட்டியல் என்பது முகப்புக்கு மட்டுமல்ல, உள்ளே மாடிப்படி, கதவு, வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய கொட்டகை வரை பொருந்தும். அனுமதியில்லாத மாற்றம் கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தையும் உங்கள் செலவில் பழையபடி ஆக்கச் சொல்ல கவுன்சிலால் முடியும், அதற்குக் கால வரம்பும் இல்லை. வாங்குமுன் சர்வேயரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: மின்வெட்டு அடிக்கடி வருமா?

மரங்களுக்கிடையே மேல்கம்பி ஓடுவதால் புயலுக்குப் பிறகு வரும். மின்வெட்டைத் தெரிவிக்க 105 என்ற எண் இலவசம். கவனிக்க வேண்டியது, மண்ணெண்ணெய் பாய்லருக்கும் மின்சாரம் வேண்டும் என்பது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் வீடு குளிரும். பிராட்பேண்ட் வழியே வரும் தொலைபேசியும் சாகும். மொபைல் சிக்னல் இல்லாத வீடென்றால் தொலைபேசி நிறுவனத்திடம் மாற்று பேட்டரி கேளுங்கள். கைக்குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருந்தால் மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெயர் சேருங்கள்.

கேள்வி: விறகு அடுப்பு இருக்கிறது, ஆனால் கண்ணாடி கறுத்துப்போகிறது.

விறகு ஈரம். 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஈரமானியை வெளிமுகத்தில் குத்தினால் ஏமாற்றும். கட்டையைப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். பச்சை ஓக் காய இரண்டு வருடமாவது பிடிக்கும். ஈர விறகின் புகை புகைபோக்கியில் தாராகப் படிந்து தீப்பிடிக்கும், வைக்கோல் கூரை வீட்டில் அது முழு வீட்டையும் கொண்டுபோகும். அப்படிப்பட்ட வீட்டில் வருடம் இரண்டு தடவை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால், அடுப்புள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்துவது வீட்டு உரிமையாளரின் கடமை.

கேள்வி: ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலமுள்ள சந்துச் சாலைகளில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்குவது?

ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிரே வருபவரை நுழையவிடுங்கள், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழி விடுங்கள். கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வட்டப் பலகை 60 மைல் வரை அனுமதிக்கிறது என்பதற்காக அந்த வேகத்தில் போகலாம் என்று அர்த்தமில்லை. வேலிச்செடி வளைவுக்குப் பின்னால் டிராக்டர் நிற்கும். குதிரை வந்தால் 10 மைல் வேகத்துக்கு மிகாமல், 2 மீட்டர் இடம் விட்டு, ஹார்ன் அடிக்காமல் கடந்து போங்கள். வழிவிட்டவருக்குக் கை உயர்த்துவது இங்கே மறக்கக் கூடாத மரியாதை.

கேள்வி: பொது நடைபாதை மாட்டு வயலுக்குள் போகிறது. போகலாமா? நாய் இருக்கிறது.

மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு உரிமை உண்டு. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கன்றுள்ள பசுக்கள்தான் ஆபத்து, காளை இரண்டாம் பட்சம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாயைக் கயிற்றில் வையுங்கள். ஆனால் மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய்மேல், நாய் ஓடித் தப்பிவிடும், நீங்கள் தப்பமாட்டீர்கள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விடுங்கள். நல்லது செய்வதாக நினைத்து மூடிவிட்டால் மந்தை தண்ணீரில்லாமல் நிற்கும்.

கேள்வி: ரோட்டில் பள்ளம். கிராம அளவிலான பாரிஷ் கவுன்சிலில் சொன்னால் போதுமா?

இரண்டடுக்குக் கவுன்சில் உள்ள பகுதிகளில் சாலை கவுண்டி கவுன்சிலின் வேலை, குப்பை டிஸ்டிரிக்ட் கவுன்சிலின் வேலை. பாரிஷ் கவுன்சில் பார்ப்பது விளையாட்டுத்திடல், பெஞ்சு, சில இடங்களில் தெருவிளக்கு. ஆனாலும் கூட்டத்துக்குப் போங்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், நிகழ்ச்சி நிரல் மூன்று முழு நாள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். கிராமத்தில் எது மாறப்போகிறது என்று முதலில் தெரியவரும் இடம் அதுதான்.

கேள்வி: மருந்துக்கடை எட்டு மைல் தள்ளி. பெரியவர்களுக்கு என்ன செய்வது?

வீட்டிலிருந்து மருந்துக்கடை 1.6 கிலோமீட்டருக்கு மேல் என்றால், மருந்து கொடுக்கும் வசதியுள்ள ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையிலேயே வாங்கலாம். பதிவு செய்யும்போதே அந்த வசதி உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: வாரத்தில் ஒரு மாலை தேவாலய மணிகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒலிக்கின்றன. ஆனால் எந்தப் பாட்டும் மாதிரி இல்லையே?

பாட்டு இல்லை, வரிசைமாற்றக் கணக்கு. ஆறு மணிகள் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொன்றும் ஒருமுறை ஒலிக்கும். அடுத்த சுற்றில் பக்கத்துப் பக்கத்து மணிகள் இடம் மாற்றிக்கொள்ளும். ஒரே வரிசை திரும்ப வராமல் ஆறு மணிகளுக்கு 720 சுற்று. ஏழுக்கு 5040 சுற்று, அது ஏறக்குறைய மூன்று மணி நேரம். மணி ஒரு பெரிய சக்கரத்தில் முழு வட்டம் சுழல்வதால் நினைத்த நேரத்தில் அடிக்க முடியாது, கொஞ்சம் முந்தவோ பிந்தவோதான் முடியும். பக்கத்து இடத்துக்கு மட்டும் மாறுவது அதனால்தான்.

நீங்கள் கேட்பது பயிற்சி மாலை. சேர்ந்துகொள்ளலாம், புதியவர்களை மிகவும் விரும்புகிறார்கள். இசை தெரிய வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். கயிற்றில் கம்பளி சுற்றித் தடித்த பகுதிக்கு ‘சாலி’ என்று பெயர். அதை எப்போது பிடித்து எப்போது விடுவது என்பதே முதல் சில வாரப் பாடம். வேடிக்கை பார்க்கப் போனால், சும்மா தொங்குகிற கயிற்றைக்கூடத் தொடாதீர்கள். மேலே மணி வாய் வானத்தைப் பார்த்தபடி நிறுத்தப்பட்டிருக்கலாம். ஒரு இழுப்பில் அது கவிழ்ந்தால், கயிறு பிடித்தவரையும் சேர்த்துக் கூரைக்குத் தூக்கும்.