ஆயிலை நானே மாற்றினால் வாரண்டி போய்விடுமா? கேள்வி பதில்

கார் சர்வீஸ் சென்டரில் வாரண்டி கிளைம்களைச் சரிபார்க்கும் பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். புது காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, புது கார் எடுத்து ரெண்டு மாசம் ஆகிறது. ஆயிலை நானே மாற்றினால் மொத்த வாரண்டியும் போய்விடும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். உண்மையா?

'மொத்த வாரண்டியும்' என்பதை நம்பாதீர்கள். ஏசி கம்ப்ரஸர், பவர் விண்டோ, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் இதற்கெல்லாம் என்ஜின் ஆயிலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆயில் மாற்றியது யார் என்பதைக் காட்டி இவற்றின் கிளைமை மறுப்பது நியாயமே இல்லை. என்ஜின் உள்பாகங்கள், டர்போ, டைமிங் செயின் பக்கம் வந்தால்தான் ஆயில் பற்றிக் கேள்வி வரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, 'எங்களிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், எங்கள் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்' என்று நிபந்தனை போட முடியாது. அப்படிப் போட வேண்டுமானால் அந்தச் சர்வீஸை இலவசமாகத் தர வேண்டும், அல்லது அரசு ஆணையத்திடம் தனி விலக்கு வாங்கியிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010-ல் வந்த வாகனத் துறைப் போட்டி விதிகளும் அவற்றோடு வந்த வழிகாட்டுதலும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கு இதே மாதிரி பாதுகாப்பு தருகின்றன. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது ஓர் உத்தரவு போட்டது. வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றது அந்த உத்தரவு. அது மேல்முறையீட்டுக்கும் போனது. தவிர, அதில் பேசப்பட்டது வெளி ஒர்க்‌ஷாப்புகளைப் பற்றி. நாமே செய்துகொள்வதைப் பற்றித் தனியாகப் பேசவில்லை.

அதனால் முதல் வேலை, உங்கள் வாரண்டி புத்தகத்தை எடுத்து 'எதற்கெல்லாம் வாரண்டி கிடையாது', 'உரிமையாளரின் பொறுப்புகள்' என்ற ரெண்டு பகுதிகளையும் நிதானமாகப் படிப்பது. ஷோரூமில் வாயால் சொன்னதற்கு மதிப்பு கிடையாது. 'இது புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, ஈமெயிலில் அனுப்புங்கள்' என்று மரியாதையாகக் கேளுங்கள். பல நேரம் பேச்சே மாறிவிடும்.

சார், கிளைம் வந்தால் உண்மையில் என்ன பார்ப்பீர்கள்? பில் மட்டும் இருந்தால் போதுமா?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

என்ஜின் சத்தத்தோடு ஒரு கார் வந்தால் பேப்பர் எதையும் கேட்பதற்கு முன்னால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்போம். ஒழுங்காக ஆயில் மாறியிருந்தால் கேம் ஷாஃப்ட் பக்கம் உலோகம் உலோகமாகவே தெரியும். மிஞ்சிப்போனால் லேசான பழுப்புப் படலம் இருக்கும். காலம் தவறிய ஆயில் ஓடியிருந்தால் மூடியின் உள்பக்கத்திலேயே ஆறிப்போன தார் மாதிரி கறுப்புப் படிவு ஒட்டியிருக்கும். அதை எந்த பில்லாலும் மறைக்க முடியாது. அடுத்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி), பிறகு ஃபில்டர். ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்தால் உலோகத் துகள் மின்னுகிறதா என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் ஆயில் சாம்பிள் லேபுக்குப் போகும். பல கார்களில் எச்சரிக்கை விளக்கு எத்தனையாவது கிலோமீட்டரில் எரிந்தது என்பதும் கணினியில் பதிவாகியிருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் பேப்பர். ஆயில் பில்லில் பிராண்ட், கிரேடு, எத்தனை லிட்டர், தேதி எல்லாம் இருக்க வேண்டும். வெறும் 'ஆயில் - 1' என்று எழுதிய பில்லால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃபில்டர் பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். மாற்றிய அன்றைக்கே ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். ஆயில் கேனின் முன்பக்கம், ஸ்பெசிஃபிகேஷன் அச்சடித்த பின்பக்கம், பேட்ச் நம்பர் மூன்றையும் எடுங்கள். பழைய ஃபில்டரும் புது ஃபில்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மாதிரி ஒரு போட்டோ. பிறகு சர்வீஸ் புத்தகத்திலேயே தேதி, கிலோமீட்டர், என்ன ஆயில், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கையால் எழுதி வையுங்கள்.

கிலோமீட்டர் கணக்கோடு மாதக் கணக்கும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது' என்று இருந்தால், வருஷத்தில் நாலாயிரம்தான் ஓட்டியிருந்தாலும் ஆயில் மாற்றியே ஆக வேண்டும். வண்டியைக் குறைவாக ஓட்டுகிறவர்களின் கிளைம்தான் இந்த இடத்தில் அதிகம் மாட்டும்.

கம்பெனி பெயர் போட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டுமா? கடையில் கிடைக்கிற நல்ல ஃபுல் சிந்தெட்டிக் போதாதா?

பிராண்ட் எதுவாகவும் இருக்கலாம், ஸ்பெசிஃபிகேஷன் மாறக் கூடாது. 'ஃபுல் சிந்தெட்டிக்' என்ற வார்த்தையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேனுவலில் ரெண்டு விஷயம் போட்டிருப்பார்கள். ஒன்று 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி பிசுக்கு எண். இன்னொன்று ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 மாதிரி தர எண் (ஏபிஐ அமெரிக்கத் தரம், ஏசிஇஏ ஐரோப்பியத் தரம்). சில ஐரோப்பிய கார்களுக்கு அந்தக் கம்பெனியின் சொந்த அப்ரூவல் எண்ணும் இருக்கும். எல்லாமே பொருந்த வேண்டும்.

ஏபிஐ பெட்ரோல் வரிசையில் புதியது பழையதற்கும் ஒத்துவரும். பழைய எஸ்என் தரம் கேட்கும் என்ஜினுக்கு எஸ்பி தாராளமாக ஊற்றலாம். 2020-ல் வந்த எஸ்பி, எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ பெட்ரோல் என்ஜின்களில் மெதுவான வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கும் பிரச்சினையையும், டைமிங் செயின் தேய்மானத்தையும் மனதில் வைத்து வந்த தரம். ஏசிஇஏ பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) வைத்த டீசல் காருக்குச் சாம்பல் குறைந்த சி வகை ஆயில் வேண்டும். அதில் சாதாரண ஏ/பி வகையை ஊற்றினால் அந்தச் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கி மெல்ல மெல்ல அடைத்துவிடும். டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும் என்ஜின்கள் இருக்கின்றன; தவறான ஆயிலில் அந்த பெல்ட் உதிர்ந்து, துகள் போய் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். இந்த ரெண்டு வகைக் காருக்கும் 'கிட்டத்தட்ட இதேதான்' என்று கடைக்காரர் சொல்லும் ஆயிலை வாங்கவே வாங்காதீர்கள்.

கேனின் பின்பக்கத்தில் 'அப்ரூவல்' என்று எழுதி எண் போட்டிருந்தால் கார் கம்பெனி சோதித்து ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். 'இந்தத் தரத்துக்கு ஏற்றது' என்று மட்டும் இருந்தால், அது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. வாரண்டி முடியும் வரை முதல் வகையை மட்டும் வாங்குங்கள்.

ஃபில்டரும் அப்படித்தானா?

ஃபில்டருக்கு நான் கொஞ்சம் கறார். வாரண்டி இருக்கும் வரை ஒரிஜினல், இல்லாவிட்டால் அந்தக் காருக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் கம்பெனியின் ஃபில்டர். உள்ளே பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்தால் ஆயிலை நேராக என்ஜினுக்கு விடுவது) திறக்கும் அழுத்தம் வண்டிக்கு வண்டி மாறும். என்ஜின் நின்ற பிறகு ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கிற ரப்பர் வால்வு மலிவான ஃபில்டரில் சீக்கிரம் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கடகட சத்தம். விலையில் மிச்சமாகும் தொகைக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

நான் முதல் தடவையாக செய்யப் போகிறேன். எங்கே தப்பு நடக்கும்?

வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டோ ராம்ப்போ வேண்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

அடுத்து, ஆயிலை வடிக்க எந்த பிளக்கைக் கழற்றுகிறோம் என்று மேனுவல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் பிளக் பக்கத்திலேயே, அதே அளவில் இருக்கும். அதைக் கழற்றி கியர் ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினில் ஏற்கெனவே இருக்கும் ஆயிலுக்கு மேல் இன்னும் நாலு லிட்டர் ஊற்றியவர்கள் உண்டு. ஒரே நாளில் என்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டும் ஆபத்தில்.

ட்ரெயின் பிளக்கைக் கையால் சுற்றி உள்ளே அனுப்புங்கள். கையில் சுலபமாக ஏறாவிட்டால் மரை சரியாகப் பிடிக்கவில்லை, வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பல கார்களில் அலுமினியம். 'இன்னும் கொஞ்சம் இறுக்கி விடலாம்' என்று நினைக்கும் அந்த ஒரு இழுப்பில்தான் மரை போகும். மரை போனால் அது உங்கள் செலவு, வாரண்டியில் வராது. மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சு (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள், வாஷரை ஒவ்வொரு முறையும் புதுசு போடுங்கள்.

பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அதோடே வந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதுசை மாட்டினால் ரெண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, சில நிமிஷத்தில் ஆயில் முழுக்க வெளியே வந்துவிடும். புது வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே மாட்டி, ஒட்டிய பிறகு முக்கால் சுற்று. ஃபில்டர் மேலேயே வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. காகித ஃபில்டர் வைத்த வண்டியில் பிளாஸ்டிக் மூடியிலேயே எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பொறித்திருக்கும். கூடவே வரும் ஓ-ரிங்கை மாற்ற மறக்காதீர்கள்.

மேனுவலில் 4 லிட்டர் என்றால் முதலில் மூன்றரை ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, சமதளத்தில் சில நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அளவுக்கு மேலே போனால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை பேரிங்கைக் காப்பாற்றாது.

என் கார் ஹைப்ரிட். ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு. ஹைப்ரிட்டில் பேட்டரி குறைந்தால் என்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். ஆயில் வடிந்துகொண்டிருக்கும்போது அப்படி ஆனால் என்ஜினுக்கும் கேடு, உங்கள் கைக்கும் ஆபத்து. வண்டியை முழுசாக அணைத்து, ஸ்மார்ட் சாவியைத் தூரமாக வீட்டுக்குள் வைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

புது என்ஜினில் உலோகத் தூள் இருக்கும், ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிடு என்கிறார் எங்கள் மாமா. மாற்றலாமா?

மேனுவல் என்ன சொல்கிறதோ அது. சில கம்பெனிகள் சீக்கிரமே மாற்றச் சொல்கின்றன. சில கம்பெனிகள் தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலை முழுக் காலமும் ஓட்டச் சொல்கின்றன. சரியான ஆயிலாக இருந்தால் சீக்கிரம் மாற்றுவதால் பொதுவாகக் கெடுதல் வராது, ஆனால் அவசியமும் இல்லை.

ஆயிலோடு சேர்த்து ஊற்ற ஒரு அடிட்டிவ் விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். கிளைம் பார்ப்பவர் கையில் நீங்களே காரணத்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

இலவச சர்வீஸ் மூன்று இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு நானே செய்யட்டுமா?

அதை ஏன் விட வேண்டும்? அந்த மூன்றுக்கும் போங்கள். நீங்களே ஆயில் மாற்றினாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சர்வீஸ் சென்டரில் தலை காட்டுவது நல்லது. ரீகால் (குறையுள்ள பாகத்தை மாற்றக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா, சாஃப்ட்வேர் அப்டேட் இருக்கிறதா என்று அங்கே தெரியும். இன்னொரு விஷயம், வாரண்டி முடிந்து கொஞ்ச நாளிலேயே பெரிய பழுது வந்தால் கம்பெனி சில சமயம் நல்லெண்ணத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும். அது சட்ட உரிமை இல்லை, அவர்கள் விருப்பம். அங்கேயே சர்வீஸ் செய்தவர்களுக்குத்தான் அது சுலபமாகக் கிடைக்கும். நீங்களே செய்வதில் உண்மையிலேயே இழப்பது இதைத்தான். கூடுதலாகப் பணம் கட்டி வாங்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும் தனி ஒப்பந்தம். அதில் நிபந்தனை இன்னும் இறுக்கமாக இருக்கலாம், தனியாகப் படியுங்கள்.

சார், ஒரு தடவை ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. இனி எதுவும் செய்ய முடியாதா?

உடனே மாற்றுங்கள், உண்மையான கிலோமீட்டரையே எழுதுங்கள். தேதியைத் திருத்தி எழுதாதீர்கள். ஒரு தாமதத்தால் என்ஜின் கெட்டது என்று நிரூபிப்பது அவர்களுக்குக் கஷ்டம். பொய்ப் பதிவு ஒன்று பிடிபட்டால் மற்ற எல்லாப் பதிவுகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கிளைமை மறுத்துவிட்டார்கள். 'வெளியே ஆயில் மாற்றியிருக்கிறீர்கள்' என்பதுதான் காரணமாம்.

எழுத்தில் வாங்குங்கள். எந்தப் பாகம் கெட்டது, ஆயில் அதற்கு எப்படிக் காரணம், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று மூன்றையும் கேளுங்கள். முடிவு தெரியும் வரை என்ஜினைப் பிரித்துப் போட அனுமதிக்காதீர்கள். பிரிப்பதாக இருந்தால் நீங்கள் இருக்கும்போதே பிரிக்கட்டும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வடித்த ஆயிலில் கொஞ்சத்தைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து மூடி, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தனியாக லேபுக்கு அனுப்ப உதவும். பிறகு டீலரைத் தாண்டி நேராகக் கம்பெனிக்கே எல்லாப் பேப்பரையும் இணைத்து ஈமெயில் போடுங்கள். அங்கேயும் நடக்காவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். டீலர் மட்டத்தில் மறுத்த கிளைம், பேப்பர் சரியாக இருந்ததால் கம்பெனி மட்டத்தில் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது?

மண்ணிலும் சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஆயிலே நிறையத் தண்ணீரைக் கெடுத்துவிடும். புது ஆயில் வந்த கேனிலேயே நிரப்பி, பழைய ஆயிலை மறுசுழற்சிக்கு வாங்குகிற இடத்தில் கொடுங்கள். பெட்ரோல், கூலண்ட் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். வேலை செய்யும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். பழைய ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் படுவது புற்றுநோய் வரை கொண்டுபோகக் கூடியது. ஒப்படைக்கும்போது ரசீது கொடுத்தால் அதையும் பில்களோடு சேர்த்து வையுங்கள், அன்றைக்கு ஆயில் மாற்றியதற்கு அதுவும் ஒரு சாட்சி.